இடப்பக்கம் நிற்பவன்

எனக்கும் என் அண்ணனுக்கும் குத்துச்சண்டைப் பைத்தியம். பார்ப்பது மட்டும்தான். ஒருவன் சுருண்டு விழுந்து முடிகிற சண்டைகள் எங்களுக்கு ஆகாது. பன்னிரண்டு ரவுண்டும் இழுத்துக்கொண்டு போய், நடுவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லி, அரங்கமே கத்துகிற சண்டைகள்தான் வேண்டும். அவற்றை மறுபடி மறுபடி போட்டு நாங்களே மார்க் போடுவோம். வர்ணனை மனதைக் கெடுத்துவிடும் என்று டிவி சத்தத்தை அணைத்துவிடுவார் அண்ணன். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் யாருக்குப் பத்து, யாருக்கு ஒன்பது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒத்துவராவிட்டால் திரும்ப ஓட்டிப் பார்த்துச் சண்டை பிடிப்போம்.

அவர் திண்டிவனத்தில் மினி லாரி வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, லோடு அடித்துக்கொண்டிருந்தார். தங்கை நான் விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஞாயிறு மத்தியானம் அவர் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன்.

அன்று போட்டது எங்களுக்கு மனப்பாடமான சண்டை. கறுப்பு டவுசர்க்காரனை ஏமாற்றிவிட்டார்கள் என்று பல வருஷமாக வாதாடி வந்தவர் அண்ணன். அன்றைக்கு நான்காவது ரவுண்டை வெள்ளை டவுசருக்குக் கொடுத்தார். மனசு மாறியிருக்கும் என்று விட்டேன். ஐந்தாவது ரவுண்டில் வெள்ளை டவுசர்க்காரன் புரட்டி எடுத்தான். அதைக் கறுப்புக்குக் கொடுத்தார். நான் திரும்ப ஓட்டினேன்.

"இங்க பாருண்ணா, குத்து எவ்ளோ சுத்தமா எறங்குது."

"எங்க எறங்குதும்மா? அவன் சும்மா நின்னுக்கினு இருக்கான்."

அவர் விளையாடவில்லை. அடுத்த ரவுண்டிலிருந்து நான் சண்டையை விட்டுவிட்டு அவருடைய மார்க்கைக் கவனித்தேன். நிறம் கணக்கில்லை. திரையின் இடது பக்கம் அதிக நேரம் நின்றவன் எவனோ, அவன் அந்த ரவுண்டில் தோற்றான். அண்ணி வைத்த டீ அவருடைய இடது பக்கம் ஆடை கட்டிப்போய் இருந்தது. டீ வரவில்லையே என்று சற்றுமுன்தான் அலுத்துக்கொண்டிருந்தார்.

படத்தை நிறுத்திவிட்டு, அவருக்கு இடது பக்கமாகப் போய் நின்று கையைத் தூக்கினேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்றேன்.

"என் கை தெரியுதாண்ணா?"

"இன்னா கை?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

வெளியே லாரி லோடோடு நின்றது. சாயங்காலம் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். அண்ணி ஆணியிலிருந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு ரவுண்டுக்காக ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுகிறவர் அண்ணன். அன்று மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணில் குறையில்லை, மூளையின் பின்பக்கம் ரத்தக்குழாய் அடைத்து அந்த இடம் கொஞ்சம் செத்துப்போய் இடப்பக்கப் பார்வை போயிருக்கிறது, நடந்து சில வாரம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அத்தனை நாளும் அண்ணன் நெடுஞ்சாலையில் ஓட்டியிருந்தார். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போவதெல்லாம் இடது ஓரத்தில்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் மெதுவாகச் சொன்னார். லாரியின் இடது கண்ணாடி போன மாசம் உடைந்திருந்தது. பைக்குக்காரன் இடித்துவிட்டான் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தார்.

"பைக்கெல்லாம் இல்லம்மா. எறங்கி பாத்தா ஒடஞ்சிருந்துச்சு. எதுல பட்டுச்சுன்னு எனக்கே தெரியாது."

அதன்பின் பல நாள் வழியிலுள்ள டீக்கடைகளுக்கெல்லாம் போன் போட்டு, எங்காவது யாருக்காவது அடிபட்டதா என்று விசாரித்தார். ஒன்றும் தெரியவரவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

லாரியை விற்றாயிற்று. போன பார்வை வரவில்லை. இன்னொரு அடைப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் இப்போது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மார்க் போடுகிறார், பெரும்பாலும் சரியாகவே. போன ஞாயிறு ஒரு ரவுண்டு முடிந்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். கரண்டிச் சத்தம் நின்று, அண்ணி சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார்.

"அண்ணா?"

"யோசிச்சிக்கினு இருக்கேன்மா," என்றார். நானும் அண்ணியும் அவர் மார்க் சொல்லும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.