அம்மாவாசியின் அம்பாசிடர்

கைப்பேசியைச் சாய்த்து வைப்பதற்கு அம்மாவாசி ஒரு முறை வைத்திருக்கிறார். காருக்குப் பின்னால் நாலடி தள்ளி ஒரு செங்கல். செங்கல்லின் மேல் தேங்காய்ச் சிரட்டை. சிரட்டைக்குள் கொஞ்சம் மணலைப் போட்டு அதில் கைப்பேசியை நட்டு வைப்பார். இரண்டு பின்விளக்குகளும் திரைக்குள் அடங்குகின்றனவா என்று குனிந்து பார்த்து, தோள்துண்டால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு, முன்னால் போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பார். "எரியுதா?" என்று அங்கிருந்தே ஒரு சத்தம். செங்கல்லின் மேலிருந்து பெங்களூரு பதில் சொல்லும்: "வலது எரியுது. இடது இல்ல."

பதில் சொல்கிறவர் அவருடைய மனைவி கருத்தம்மாள். மகள் யுவராணிக்குப் பிரசவம் பார்க்கப் போனவர், ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பேரன் இப்போது பள்ளிக்கூட வேனில் ஏறிப் போகிறான். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிற வீட்டில் அந்த வேனுக்காகக் காத்து நிற்க ஓர் ஆள் வேண்டும், அது கருத்தம்மாள். இங்கே காமயகவுண்டன்பட்டியில் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சைக்குக் கவாத்துப் பண்ணவும் மருந்தடிக்கவும் ஓர் ஆள் வேண்டும்; அது அம்மாவாசி. இதில் யாரைக் குற்றம் சொல்வது? ஆனாலும் யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல எனக்கு இருக்கும்.

நான் எதிர்வீட்டு மாடியில் குடியிருப்பவன். கம்பத்தில் வேலை. காலையில் பல் துலக்கும்போதும் சாயங்காலம் டீ குடிக்கும்போதும் கண்ணில் படுவது அந்தத் தகரக் கொட்டகையும், அதற்குள் மோர் நிறத்துக்கு வந்துவிட்ட வெள்ளை அம்பாசிடரும், அதன் திறந்த கதவு வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அம்மாவாசியின் கால்களும்தான். உடம்பின் மற்ற பகுதி டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடக்கும். கூப்பிட்டால் முதலில் கால்கள் அசையும், பிறகு கை வரும். நகக்கண்களில், திராட்சைக்கு மருந்தாக அடிக்கும் மயில்துத்தத்தின் நீலம் ஏறியிருக்கும். அது எந்த சோப்புக்கும் போவதில்லை என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

குமுளிப் பக்கத்து ஏலத்தோட்ட முதலாளி ஒருவர் புதுவண்டி வாங்கியபோது கழித்துவிட்ட கார் அது. கல்யாணம், காதுகுத்துக்குப் போவதற்கென்று வாங்கினாலும், பாதி நாள் டிக்கி நிறையத் திராட்சைக் கூடைகளோடு கம்பம் சந்தைக்குத்தான் போய்வந்தது. சீட்டில் உட்கார்ந்தால் ஈ மொய்க்கிறது, சேலையெல்லாம் கறை என்று கருத்தம்மாள் திட்டாத நாள் கிடையாது. ஆனால் பஸ்ஸில் ஏறினாலே குமட்டும் அவருக்கு, ஏசி காரில் கதவைச் சாத்தியதுமே வாந்தி வரும். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு இந்த அம்பாசிடரில் போனால் மட்டும் ஒன்றும் செய்யாது. அதனால் ஈ மொய்த்தாலும் அது கருத்தம்மாளின் கார்.

அந்தக் காரைத்தான் அம்மாவாசி அணிலுக்குக் கொடுத்தார். போன வருஷம் பழைய வயர்கள் இற்றுப்போக, மதுரையிலிருந்து புதிதாக ஒரு வயரிங் செட் வாங்கி வந்து தானே மாட்டினார். வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கட்ட டேப் சுற்றுவார்கள். அம்மாவாசியோ ஆயுசு முழுக்கப் பந்தலில் கொடி கட்டியவர். கை தானாகப் போய் வாழைநாரை எடுத்துவிட்டது. பானட் முதல் டிக்கி வரை ஒவ்வொரு சாணுக்கும் ஒரு முடிச்சு, கொடிக்குப் போடுகிற அதே முடிச்சு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்திருக்கிறது. அணில்களுக்கும் அப்படியே தோன்றியிருக்க வேண்டும். கூடு கட்ட நாரை உருவியவை, நாரோடு ஒட்டியிருந்த வயர்த் தோலையும் கடித்து எடுத்துக்கொண்டு போயின. சுருளிப்பட்டிக்குப் போய்த் திரும்பும்போது டேஷ்போர்டிலிருந்து புகை வந்து வண்டி நடுரோட்டில் நின்றது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த அந்தக் கதையை அவர் சொல்லும்போது கேட்கிறவர்களை முந்திக்கொண்டு அவரே சிரிப்பார். "டிக்கிக்குள்ள மூணு குட்டி சார். அந்த அணிலுக்குப் பேறுகாலம் பாத்தது நாந்தேன்" என்பார்.

இரண்டாவது முறை கம்பத்து எலக்ட்ரீசியனிடம் விடலாம் என்று நான் யோசனை சொன்னேன். அவரும் போய்க் கேட்டிருக்கிறார். வண்டியைப் பட்டறையில் ஒரு மாதம் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்களாம். அம்மாவாசி கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, கொட்டகையைக் கையால் காட்டினார்.

"வீட்ல இருக்கதே நானும் இதுவுந்தேன். இதையும் அங்கன விட்டுட்டு வந்தா எப்பிடி சார்?"

மறுபடியும் மதுரை, மறுபடியும் ஒரு வயரிங் செட், இந்தத் தடவை மறக்காமல் டேப். வயர்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த பழுப்பு வயர் மாமனார். தொட்டால் சுள்ளென்று பாயும். எங்கே போனாலும் இன்னொன்றோடு சேர்ந்தே போகும் நீலம் இரண்டும் மச்சினன்மார். எர்த் எடுக்கும் கறுப்பு வயருக்கு என்ன பெயர் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது பிடிப்பில்லாமல் போனால் எந்த விளக்கும் எரியாது என்று சொல்லிவிட்டு, வேறு பக்கம் திரும்பி ஸ்குரூ டிரைவரைத் தேடினார்.

கருத்தம்மாள் போன பிறகு அவர் வாழ்கிற வாழ்க்கையை மாடியிலிருந்து பார்ப்பது அவ்வளவு சுகமான காரியம் அல்ல. காலையில் வைக்கிற சோறுதான் இரவுக்கும். உள்ளே டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும், அவர் வெளியே கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருப்பார். சாயங்காலம் டவுன் பஸ் வருகிற நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு நிறுத்தத்துக்குப் போவார். எங்கும் போவதற்கில்லை. இறங்குகிறவர்களைப் பார்த்து, தெரிந்தவர்களை இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவார். தனியாக இருப்பது அவருக்குத் தெரியாத வித்தை. முதுமையில் புதிதாக அதைப் படிக்கச் சொன்னால் எப்படி வரும்?

போனில் பேசுவதும் அவர்கள் இருவருக்கும் வராது. முன்பெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுத் தினமும் பேசுவார்கள், ஆனால் கேட்கிற எனக்கே பாவமாக இருக்கும். சாப்பிட்டாயா என்று இவர் கேட்பார். ஆச்சு, நீங்க என்று அந்தப் பக்கம் கேட்கும். ஆச்சு. மழை உண்டா? இல்லை. சரி, வைக்கவா? வை. இத்தனை வருஷம் ஒரே அடுப்படியில் உழன்ற இருவருக்கு அதற்கு மேல் பேச எதுவும் அகப்படவில்லை. பக்கத்தில் இருந்தபோது அவர்கள் பேசியதெல்லாம் அந்தந்த நேரத்துக் காரியங்கள்: கோழி அடைந்ததா, கொடித்துணியை எடுத்தாயா, தொட்டியில் தண்ணீர் நிரம்பிவிட்டதா. ஒருத்தர் இல்லாத வீட்டின் கோழியைப் பற்றி அவரிடமே போனில் என்ன பேசுவது?

பிரேக் விளக்கு அந்தச் சிக்கலை அவிழ்த்துவிட்டது. மிதிக்க ஓர் ஆள், பின்னால் நின்று பார்க்க ஓர் ஆள் என்று அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லி, ஒருநாள் கைப்பேசியைச் செங்கல்லில் வைத்தார். கருத்தம்மாள் விளக்கைப் பார்த்தார். விளக்குக்குப் பின்னால் வீட்டையும் பார்த்தார். முருங்கை ஏன் இப்படிப் பூச்சி விழுந்து கிடக்கிறது, கொடியில் கிடக்கும் வேட்டி நேற்றுத் துவைத்ததா முந்தாநாள் துவைத்ததா, உரலில் தண்ணீர் நிற்கிறதே, கொசு வராதா என்று கேள்வி மேல் கேள்வி. அம்மாவாசி பிரேக்கை விட்டுவிட்டு எழுந்து வந்து பதில் சொன்னார், பாதியைப் பொய்யாக. அரைமணி நேரம் போயிற்று. மறுநாள் செங்கல்லைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். கோழிக்கூடும் படத்துக்குள் வந்தது. அன்றைக்கு முக்கால் மணி நேரம்.

வயரிங் முடிந்ததும் தேனி ரயில் நிலையத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்க் கருத்தம்மாளை அழைத்து வருவது என்றுதான் ஏற்பாடு. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வருவதாக அவர் சொல்லியிருந்தார். பங்குனியில் யுவராணி மறுபடியும் முழுகாமல் இருக்கும் சேதி வந்தது. இனி பிரசவம், பிறகு இரண்டாவது பிள்ளை, பிறகு அதன் பள்ளிக்கூட வேன். "நல்ல விசயந்தேன்" என்று அம்மாவாசி தெருவில் எல்லாரிடமும் சொன்னார். எங்கள் வீட்டுக்கும் நூறு கிராம் கற்கண்டு வந்தது. அன்று சாயங்காலம் அவர் டவுன் பஸ்ஸுக்குப் போகவில்லை.

வேலையை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை, இழுத்தார். ஹெட்லைட்டும் ஹாரனும் இண்டிகேட்டரும் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. கடைசியில் இடது பின்விளக்கு ஒன்றுதான் பாக்கி. அதன் அடியில் துரு பிடித்து எர்த் கிடைக்கவில்லை, சுரண்டினால் சரியாகிவிடும் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் தினமும் அதைத் தவிர மற்றதையெல்லாம் தொட்டுக்கொண்டிருந்தார். ஒரு பிளேடு வாங்கித் தரட்டுமா என்று நான் கேலியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இதையும் முடிச்சுட்டா, நாளைக்கு எதக் காட்டி அவளக் கூப்பிடுறது சார்?"

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் பந்தலில் ஒரு கொடி தொங்கினால் கட்டாமல் தாண்டிப் போகத் தெரியாத கை அவருடையது. நேற்று மாலை அந்தக் கை பொறுமை இழந்துவிட்டது. நான் ஏதோ கேட்கப் போனபோது, விளக்கைக் கழற்றித் துருவைச் சுரண்டி மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தார். இன்று எரிந்துவிடும் என்று சொன்னார். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை.

செங்கல், சிரட்டை, மணல், கைப்பேசி. கருத்தம்மாள் திரையில் வந்தார். பேரன் அவர் தோள் மேல் ஏறிக்கொண்டிருந்தான். அம்மாவாசி அன்று ஓட்டுநர் இருக்கையில் உட்காரவில்லை. கொட்டகை மூலையில் கிடந்த பந்தல் கம்பு ஒன்றை எடுத்து, பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்தார். அந்தக் கம்பு முதல் நாளிலிருந்தே அங்கேதான் கிடந்தது. இந்த வேலைக்கு இரண்டாவது ஆளே தேவைப்பட்டிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டு விளக்குகளும் எரிந்தன. பொழுது சாய்ந்திருந்ததால் தரையெல்லாம் சிவப்பு. அம்மாவாசி இடது விளக்குக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து திரையைப் பார்த்தார். கருத்தம்மாள் பேரனை மடியில் இறக்கிவிட்டு, முகத்தைத் திரைக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"வலது எரியுது" என்றார். பிறகு, "இடது இல்லங்க. நாளைக்கி இதே நேரத்துக்குப் போடுங்க, பாத்துச் சொல்றேன்."

எரிகிறதே அம்மா என்று நான் வாயெடுத்தேன். அம்மாவாசி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மயில்துத்த நீலம் ஏறிய அந்தக் கையை நீட்டி, இடது விளக்கின் மேல் பொத்தி வைத்துக்கொண்டு, "ஆமா, எரியல" என்றார். விரலிடுக்குகளில் சிவப்பு தெரிந்துகொண்டிருந்தது.