நடுவில் இரண்டரைக் கிலோமீட்டர்

2025 ஜூன் 14, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மேற்கே மேகம் மூடியிருந்தது, மழை இல்லை, காற்றும் இல்லை. என் மகன் மூன்று துண்டுக் காகிதங்களைச் சாப்பாட்டு மேசைமேல் வரிசையாக வைத்து, மேலே தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு, "பாத்து வையி நைனா" என்று சொல்லிப் பல் துலக்கப் போனான்.

மூன்று காகிதத்திலும் மூன்று லாரிக் கம்பெனிகளின் பெயர். கனரக வாகன உரிமம் அவன் கைக்கு வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அதற்கு முன் ஆறரை வருடம் ஒரு சோப்புக் கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்தான், அதை மூடிவிட்டார்கள். வயது இருபத்தொன்பது. சேமிப்பில் இருந்ததை டிரைவிங் ஸ்கூலில் கட்டித்தான் உரிமம் வாங்கினான். முதல் கம்பெனி எது என்பதை முடிவு செய்ய வேண்டும். முதல் கம்பெனியில் ஒரு வருடமாவது நின்றவனைத்தான் அடுத்தவன் நம்பி வண்டி கொடுப்பான், பாதியில் விட்டவனைக் கேள்வி கேட்பான் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. சர்க்கரை ஆலையின் எடைமேடையில் முப்பத்து மூன்று வருடம் எழுத்தராக இருந்தவன் நான். அரவைக் காலத்தில் ஒரு நாளைக்கு நூற்று நாற்பது வண்டிகூட ஏறி இறங்கும். டயரைப் பார்த்தே எந்த முதலாளி வண்டியைக் கவனிக்கிறான், எவன் கவனிப்பதில்லை என்று சொல்வேன். ஆனால் ஒரு நாளும் லாரி ஓட்டியதில்லை. அதையும் எழுதிவிடுவதுதான் நியாயம்.

அவனுக்கு முதல் காகிதத்தின் மேல் ஆசை. வில்லியனூர்ப் பக்கத்துப் பெரிய கம்பெனி, நூற்றுப் பன்னிரண்டு வண்டி, எல்லாம் வடக்கே போகிறவை. போய்த் திரும்ப இருபத்து நான்கு நாள். புதியவனை உடனே ஓட்ட விடமாட்டார்கள். ஆறு மாதம் ஒரு மூத்த ஓட்டுநருடன் இரண்டாம் ஆளாக அனுப்புவார்கள். இரண்டாவது கம்பெனி சென்னைக்கும் பெங்களூருக்கும் சரக்கு ஏற்றுவது; ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீடு. மூன்றாவது சோரியாங்குப்பம் பக்கத்தில் ஆறே ஆறு லாரி வைத்திருக்கும் ஒருவர். ஆற்றோரக் காளவாய்களிலிருந்து வில்லியனூர்ப் பக்கத்துப் புது மனைகளுக்குச் செங்கல் ஏற்றுகிறவர்.

அடுத்த ஐந்து நாள் என் மொபெட்டில் மூன்று இடத்துக்கும் போனேன். பெரிய கம்பெனியின் வாசலுக்கு எதிரே டீக்கடையில் காலை ஏழு முதல் பதினொன்று வரை உட்கார்ந்து எண்ணினேன். ஒன்பது வண்டி உள்ளே வந்தது. இறங்கிய ஒன்பது ஓட்டுநர்களில் ஏழு பேர் காலைத் தரையில் வைத்ததும் போனை எடுத்தார்கள். இரண்டு பேர் யாருக்கும் போன் பேசாமல் நின்றார்கள். அந்த இரண்டு பேரைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்களில் ஒருவர் டீ குடிக்க வந்தார். ஐம்பது வயதிருக்கும். வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை போவீர்கள் என்று கேட்டேன்.

"மாசத்துக்கு ஒரு தபா. ரெண்டு நாளு. போன தபா எம் பேத்தி என்னப் பாத்து, அங்கிள் வந்துகீறாருன்னு உள்ளார ஓடுச்சி." சிரித்துக்கொண்டே சொன்னார். "இன்னா பெரியவரே, எண்ணினு இருக்கிற? கம்பெனிய வாங்கப் போறியா?"

"மகனைச் சேர்க்கலாமா என்று பார்க்கிறேன்."

"சேத்து வுடு. தூங்காம இருக்கத் தெரிஞ்சா போதும். மீதிய ரோடு சொல்லிக் குடுக்கும்."

தூங்காமல் இருக்க எனக்கும்தான் தெரியும். என் மனைவி இறந்து ஆறு வருடம். மகன் வேலைக்குப் போகும் நாளில் வீட்டில் நான் பேசும் சொற்களை ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்: பால்காரரிடம் நான்கு, கேஸ் சிலிண்டர்காரரிடம் ஏழு, மொத்தம் பதினொன்று. இருபத்து நான்கு நாளுக்கு அது எவ்வளவு என்று அந்த டீக்கடையிலேயே பெருக்கிப் பார்த்தேன்.

செங்கல்காரரின் அலுவலகம் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அவர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். பதினான்கு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். பிரேக், டயர், சம்பளத் தேதி, மதியச் சாப்பாட்டுக்கு நேரம் கொடுப்பார்களா என்பது வரை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். வந்த அன்றைக்கே வண்டியைக் கையில் கொடுப்பதாகவும் சொன்னார்.

"வெளியூர் போகுமா?" என்று கேட்டேன். அது பதின்மூன்றாவது கேள்வி.

"எங்கூட்டு வண்டி புதுச்சேரியத் தாண்டாது பெரியவரே. இங்க ஏத்தனா அங்க எறக்கணும், அம்புட்டுதான். சாயந்தரம் அஞ்சரைக்கு உம்புள்ள வூட்டுல இருப்பான்."

பதினான்காவது கேள்வியை நான் கேட்கவில்லை. நோட்டை மூடிவிட்டேன்.

மகனிடம் மூன்று கம்பெனிக்கும் மதிப்பெண் போட்டுக் காட்டினேன். செங்கல் கம்பெனிக்கு நூற்றுக்கு எழுபத்தெட்டு, பெங்களூர் போகும் கம்பெனிக்கு அறுபத்து நான்கு, பெரிய கம்பெனிக்கு ஐம்பத்தொன்று. "வீட்டுக்கு வருதல்" என்ற ஒரு வரிக்கு மட்டும் முப்பது மதிப்பெண் வைத்திருந்தேன். அவன் அந்த வரியில் விரலை வைத்து எடுத்தான்.

"இதுக்கு எதுக்கு நைனா இம்மாம் மார்க்கு?"

"உடம்புக்கு ஓய்வு வேண்டாமா?"

"யார் ஒடம்புக்கு?" என்றான். கோபமாக இல்லை. பிறகு, "செரி, உன் இஷ்டம். மொத மொதல்ல ஸ்டீரிங்காவது கையில குடுக்கறான்" என்று எழுந்துகொண்டான்.

ஜூன் 23, திங்கட்கிழமை சேர்ந்தான். புது ஓட்டுநரின் அசல் உரிமத்தை முதலாளி வாங்கி மேசை டிராயரில் வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். வண்டியை விட்டுவிட்டு ஓடாமல் இருக்க. நான் ரசீது கேட்டேன்.

"நகையா அடகு வைக்கிற, ரசீது கேக்கறதுக்கு?" என்று செங்கல்காரர் சிரித்தார். ஆனாலும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்.

பதினெட்டு வேலை நாள். காலை பதினொன்றே முக்கால் சுமாருக்குச் செங்கல் பாரத்தோடு எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது இரண்டு முறை ஹார்ன் அடிப்பான். நான் வாசலில் நிற்பேன். ஐந்து ஐம்பதுக்கு வீடு. குளிப்பான், சாப்பிடுவான், போனில் யாரோ வடக்கே லாரி ஓட்டிக்கொண்டே எடுத்த படங்களைப் பார்ப்பான். கண்ணாடிக்கு முன்னால் ரோடு வந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான் அந்தப் படம். மலை, சுரங்கப்பாதை, பனி, மறுபடி ரோடு. நான் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு எத்தனை நடை, எத்தனை கல் என்று கேட்பேன். அவன் எண்ணிக்கையை மட்டும் சொல்வான். நாள் ஒன்றுக்கு நான் பேசும் சொற்கள் கூடியிருந்தன. அவன் பேசுவது கூடவில்லை.

ஜூலை 12, சனிக்கிழமை காலை பத்து இருபத்தைந்துக்குப் போன் வந்தது. "நைனா, வண்டியப் புடிச்சிட்டாங்க. நீ வராத, சும்மா சொன்னேன்."

நான்கு இட்லியை டப்பாவில் போட்டுக்கொண்டு போனேன்.

எங்கள் புதுச்சேரி ஒரே துண்டு நிலம் அல்ல. நாங்கள் இருக்கும் பாகூரிலிருந்து வில்லியனூர் போகும் வழியில் நடுவே கொஞ்ச தூரம் தமிழ்நாடு வரும், பிறகு மறுபடி புதுச்சேரி வரும். என் மொபெட்டின் கணக்கில் அது இரண்டரைக் கிலோமீட்டர். அங்கேயும் எங்களுக்குச் சம்பந்திகள் இருக்கிறார்கள், பல் டாக்டர் இருக்கிறார். அந்தத் தூரத்தை நாங்கள் யாரும் வெளியூர் என்று நினைப்பதே இல்லை. செங்கல் லாரி அதைக் கடக்காமல் ஒரு நடைகூடப் போக முடியாது. அந்தத் தூரத்துக்கும் தமிழ்நாட்டுக்கு வரி கட்டியாக வேண்டும். செங்கல்காரர் மூன்று காலாண்டாகக் கட்டவில்லை. அதைத்தான் சோதனைக்கு நின்ற அதிகாரி பிடித்திருந்தார்.

"சார், இது உள்ளூர் வண்டி. புதுச்சேரியைத் தாண்டுவதில்லை" என்றேன்.

அதிகாரி இளைஞர். மரியாதையாகவே பேசினார். "ஐயா, இப்ப நீங்க நிக்கிறது எந்த ஊரு?"

"நம்ம ஊர்தான்."

"அந்தப் போர்டப் படிச்சிட்டு வாங்க."

போர்டு இருபது அடி தள்ளி இருந்தது. நான் போய்ப் படிக்கவில்லை. எடைமேடைப் பதிவேட்டில் முப்பத்து மூன்று வருடம், புதுச்சேரி வண்டி ஒரு பத்தி, தமிழ்நாட்டு வண்டி ஒரு பத்தி என்று கோடு போட்டுப் பிரித்து எழுதியவன் நான். பதினான்காவது கேள்வியாக நான் எழுதி வைத்திருந்ததும் அதுதான்: வரிச் சீட்டுகளைக் காட்ட முடியுமா?

மகன் மதகுக் கட்டைமேல் உட்கார்ந்திருந்தான். இட்லியைத் தின்றான். நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதைச் சொன்னேன்.

"வுடு நைனா. நானுந்தான் கேக்கல" என்றான். டப்பாவைக் கழுவி என் பையில் வைத்தான்.

செங்கல்காரர் போனில் ஒரே பேச்சாகச் சொன்னார்: வண்டி யார் கையில் இருக்கும்போது பிடித்தார்களோ அவன்தான் பொறுப்பு. வரியையும் அபராதத்தையும் அவரே கட்டி வண்டியை மீட்டுக்கொண்டார். மகனின் பதினெட்டு நாள் கூலியைக் கழித்துக்கொண்டார். மிச்சம் ஒன்பதாயிரத்து எண்ணூறைக் கொண்டுவந்தால்தான் டிராயரிலிருந்து உரிமம் வெளியே வரும் என்றார். சண்டை போடலாம், புகார் எழுதலாம். எழுத எனக்குத் தெரியும். பதில் வர எத்தனை வாரம் ஆகும் என்பதும் தெரியும்.

திங்கட்கிழமை, மகன் முன்பே பெயர் கொடுத்து வைத்திருந்த பெரிய கம்பெனியிலிருந்து அவனுக்குப் போன் வந்தது. டீக்கடையில் என்னோடு பேசிய அதே மூத்த ஓட்டுநருடைய இரண்டாம் ஆள் கல்யாணத்துக்குப் போய்விட்டானாம். வியாழன் காலை வண்டி கிளம்புகிறது, அசல் உரிமத்தோடு வா, இல்லாவிட்டால் அடுத்தவனைக் கூப்பிடுவோம் என்றார்கள். போனில் படமாக இருக்கும் உரிமம் போலீசுக்குப் போதும், அந்தக் கம்பெனிக்குப் போதாது.

அவனிடம் பணம் இல்லை. என்னிடம் இருப்பது அவனுக்குத் தெரியும். அவன் கேட்கவில்லை.

திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. நான் எதுவும் செய்யவில்லை. எதுவும் செய்யாமல் இருந்தாலே போதும், வியாழன் கடந்துவிடும், அவன் வீட்டில் இருப்பான், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. இதைத்தான் அந்த இரண்டு நாளும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்து அறையில்தான் இருந்தான். வீட்டில் இரண்டு பேர் இருந்தும் செவ்வாயன்று நான் பேசியது ஆறே சொல்.

புதன் காலை ஏழு மணிக்கு அவன் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. தோள்பையிலிருந்து மடித்த கைலிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். நான்கு கைலி. நான்காவதை வைத்துவிட்டு அலமாரியை மூடாமல் அதன் முன்னால் நின்றான். பெரிய கம்பெனி வாசலில் யாருக்கும் போன் பேசாமல் நின்றார்களே இரண்டு பேர், அவர்கள் நின்ற மாதிரியே நின்றான்.

நான் பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினேன்.

செங்கல்காரர் நோட்டுகளை எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன். "ரசீது வெச்சிகிறியா?" என்றார். கொடுத்தேன். டிராயரைத் திறந்து உரிமத்தை எடுத்து என் முன்னால் தள்ளினார். "பாத்தியா பெரியவரே, எழுதி வாங்கனது நல்லதாப் போச்சி."

வீட்டுக்கு வந்து உரிமத்தை மேசைமேல் வைத்து, மேலே தண்ணீர்ச் செம்பை வைத்தேன். அவன் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"மாத்தரைய யாரு எட்த்துக் குடுப்பா ஒனக்கு?"

"காலையில் இரண்டு, ராத்திரி ஒன்று. எனக்கு எண்ணத் தெரியாதா?"

"அதான் தெரியுமே" என்றான். ஆறு வருடத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று கொஞ்சம் சிரித்தான்.

வியாழன் காலை ஏழு இருபது, தூறல். வண்டிக்குப் பதினான்கு சக்கரம். சுற்றி வந்து பதினான்கையும் பார்த்தேன், ஒன்றிலும் குறை இல்லை. மகன் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தான். வாங்கி வைத்திருந்த கம்பளியை நீட்டினேன். வடக்கே குளிரும் என்று அந்தப் படங்களில் பார்த்திருந்தேன். மூத்த ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "கவலப்படாத பெரியவரே. எண்ணிக் குட்த்த மாரியே எண்ணித் திருப்பித் தரேன், ஒண்ணு" என்றார்.

திரும்பும்போது நடுவில் அந்த இரண்டரைக் கிலோமீட்டர் வந்தது. இந்தமுறை மொபெட்டை நிறுத்தி, போர்டை இரண்டு பக்கமும் படித்தேன். மறுநாள் முதல் பாலை அரை லிட்டரிலிருந்து கால் லிட்டராகக் குறைக்கச் சொன்னேன். பால்காரர் ஏன் என்று கேட்டதால் அன்றைக்கு ஐந்து சொல் கூடுதலாகப் பேச நேர்ந்தது.

அவன் இருபத்தேழாம் நாள் வந்தான். இரண்டு நாள் இருந்தான். அதில் பத்தொன்பது மணி நேரம் தூங்கினான். மீதி நேரத்தில் மலையைப் பற்றியும், தெலுங்கில் சண்டை போட்டதைப் பற்றியும், ரோட்டோரம் தானே சோறு பொங்கியதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் எண்ணாமல் கேட்டேன். மறுபடி போய் இன்றோடு பன்னிரண்டு நாள். பதினொன்றே முக்காலுக்குத் தெருமுனையில் செங்கல் லாரி இப்போதும் தாண்டுகிறது. வேறு யாரோ ஓட்டுகிறார்கள், ஹார்ன் அடிப்பதில்லை. நான் மட்டும் அந்த நேரத்துக்கு வாசலுக்குப் போய்விடுகிறேன்.

உரிமத்தை மீட்க ஒன்பதாயிரத்து எண்ணூறு, கம்பளி அறுநூற்று ஐம்பது, பெட்ரோல் நூற்று எண்பது, டீக்கடையில் மூன்று டீ முப்பத்தாறு. ஆக மொத்தம் பத்தாயிரத்து அறுநூற்று அறுபத்தாறு ரூபாய்.