மாடி விடுதிக்குப் போன தேசப்பன்

கால் வைப்பதற்கு முன்னால் பெருவிரலை நீட்டித் தரையை ஒருமுறை தடவிப் பார்ப்பார் தேசப்பன். சேறாக இருந்தாலும் சரி, மணலாக இருந்தாலும் சரி, கோயில் கல்தளமாகவே இருந்தாலும் சரி, விரல் உத்தரவு கொடுத்த பிறகுதான் பாதம் இறங்கும். "வாசப்படி தாண்டி இந்தாளு உள்ள வர்றதுக்குள்ள சோறு ஆறி அவலாப் பூடுது" என்று அவர் மனைவி குப்பம்மா முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் முப்பது வருஷமாக ஆறின சோற்றைத்தான் சாப்பிட்டார்.

விரலுக்கு அந்தப் புத்தியைக் கொடுத்தது பழவேற்காட்டு ஏரி. கரையோரம் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர், அதற்குக் கீழே கணுக்கால் ஆழத்துக்கோ இடுப்பு ஆழத்துக்கோ சேறு. படகு கரை வரைக்கும் வராது. உலாந்தாக்காரர்கள் என்று ஊரார் சொல்லும், பட்டுக் காலுறை போட்ட டச்சுக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் படகிலிருந்து கரைக்கு வர ஒரு முதுகு வேண்டும். தேசப்பனுக்கு மீன்பிடிதான் தொழில். ஆனாலும் துறையில் யாராவது "தேசப்பா" என்று குரல் கொடுத்தால், பிடித்த வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் முதுகைக் குனிந்து காட்டுவார். "ஆவட்டும்" என்பார். எதைக் கேட்டாலும் அவரிடம் இருந்த பதில் அது ஒன்றுதான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்றால், குப்பத்துக்கு இளைத்தவர் தேசப்பன்.

சுமந்த ஆட்களை அவர் முகத்தால் நினைவு வைத்துக்கொள்வதில்லை. முகம் பின்னால் அல்லவா இருக்கிறது! "போன மாசி மாசம் வந்தாரே, இடது பக்கமே சாஞ்சி கனப்பாரே, அந்தத் தொர" என்றுதான் சொல்வார். புதிதாக வந்த பாதிரியாரைப் பற்றிக் கேட்டபோது, "நல்ல மனுசன். மூச்ச இழுத்துப் புடிச்சினு லேசா ஒக்காந்தாரு" என்று சான்றிதழ் கொடுத்தார்.

இங்கிலீஷ்காரர்கள் பிடுங்கி வைத்திருந்த பழவேற்காட்டை உலாந்தாக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கோட்டை இடிந்து கிடந்தது. கொடி மட்டும் புதிது. அந்தக் கோட்டையில் எழுத்தராக இருந்து செத்துப்போனவரின் மனைவியைக் குப்பத்தார் மரியம்மா என்று கூப்பிடுவார்கள். அந்த அம்மாள் பழவேற்காட்டிலேயே பிறந்து பழவேற்காட்டிலேயே பெருத்தவள். சர்ச்சில் ஜெபம் உலாந்தா பாஷையில். ஏசுவது மட்டும் சுத்தமான குப்பத்துப் பாஷையில். இரண்டு முழங்காலும் வீங்கிப்போய் நடக்க முடியாமல் இருந்தாள். சென்னப்பட்டணத்தில் ஓர் இங்கிலீஷ் டாக்டர் மூலிகை ஆவி காட்டி முட்டியைச் சரி செய்கிறார் என்று கேள்விப்பட்டதும், புருஷன் கல்லறைக்கு ஒரு தடவையாவது சொந்தக் காலில் நடந்து போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. அங்கே வெள்ளைக்காரப் பிரயாணிகளுக்கென்று கட்டிய மாடி விடுதியில் எட்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. வேலைக்காரிக்குக் காய்ச்சல். தேசப்பனைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"எட்டே நாளு. அமாவாசைக்கு முந்துன நாளு உன்ன ஊட்ல வுட்டுர்றேன். வர்றியா?"

"ஆவட்டும்மா."

அமாவாசை என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஏரியில் வலை கட்டும் இடங்களுக்குப் 'பாடு' என்று பெயர். எந்த இடத்தில் எந்த நாளில் எந்த வீட்டார் வலை கட்டலாம் என்பதைக் குப்பத்தார் வருஷத்துக்கு ஒருமுறை அந்த அமாவாசையன்று சீட்டெடுத்து முடிவு செய்வார்கள். பானை நிறைய அடையாளம் கீறிய கிளிஞ்சல்கள். வீட்டுத் தலைவன் ஏரித் தண்ணீரில் நின்று, தன் கையாலேயே எடுக்கவேண்டும். வராதவனுக்கு அந்த வருஷம் பாடு கிடையாது. தொடர்ந்து மூன்று வருஷம் வராவிட்டால் அந்த வீட்டின் பெயரையே எடுத்துவிடுவார்கள். பிள்ளைக்கும் இல்லை, பேரனுக்கும் இல்லை. தேசப்பன் முந்தின வருஷம் கோட்டைக்குப் புதிதாக வந்த கப்பித்தானைச் சுமந்துகொண்டிருந்ததில் போகவில்லை. அதற்கு முந்தின வருஷம் யாரோ ஒருவர் கல்யாணத்துக்கு வந்த பெண்களைச் சுமந்துகொண்டிருந்ததில் போகவில்லை. இந்தத் தடவையும் விட்டால் மூன்று. மகன் சிங்காரத்துக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. குப்பம்மா படகு வரைக்கும் வந்து, "இன்னாய்யா, நாள மறந்துடாதே" என்று நான்கு தடவை சொன்னாள்.

உப்பங்கழி வழியாகப் படகில் எண்ணூர், அங்கிருந்து பல்லக்கில் பட்டணம். விடுதியின் வாசலிலேயே முதல் வம்பு. மரியம்மாவுக்கு மாடியில் அறை. விடுதி ஆட்கள் நான்கு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். ஐந்தாவது படியில் நாற்காலி சாய்ந்ததும் அவள் போட்ட கூச்சலில் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் துடைப்புத் துணியோடு எழுந்து வந்துவிட்டார்கள். "எறக்குங்கடா பாவிங்களா! தேசப்பா, நீ வா!" தேசப்பன் குனிந்தார். உப்புமூட்டையாக ஏற்றிக்கொண்டு முதல் படியைப் பெருவிரலால் தடவினார். பிறகு இரண்டாவது. அவர் வாழ்நாளில் அதுவரை ஏறிய உயரம் தென்னைமரம் ஒன்றுதான். மொத்தம் இருபத்திரண்டு படி, இருபத்திரண்டு தடவல். கீழே நின்ற வேலையாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

ராத்திரி பகல் எப்போது கூப்பிட்டாலும் வரவேண்டுமே என்று, வேலைக்காரிக்காக ஒதுக்கிய பக்கத்து அறையில் அவரைத் தங்கச் சொன்னாள். விடுதிக்காரர் முகத்தைச் சுளித்தார். மரியம்மா அதைவிட அதிகமாகச் சுளித்ததால் ஒப்புக்கொண்டார். இப்படித்தான் பட்டணத்துத் துரைமார்கள் தங்கும் விடுதியில், கோவணத்துக்கு மேல் ஒரு துண்டு கட்டிய தேசப்பனுக்கும் கட்டில் போட்ட ஓர் அறை கிடைத்தது.

சுவர் பளிங்காக மின்னியது. நகத்தால் தட்டிப் பார்த்து, "இது நம்ம ஏரிக் கிளிஞ்சலுதான், சுட்டு அரைச்சிக்கிறானுங்க" என்று கண்டுபிடித்தார். ஊர்க்காரன் ஒருவனைப் பார்த்த சந்தோஷம் அவருக்கு. மெத்தை விஷயம் வேறு. உட்கார்ந்த மாத்திரத்தில் அலறி அடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஏரியில் இப்படி ஆளை உள்ளே இழுக்கும் இடங்கள் உண்டு. மாட்டினவன் மீண்டு வந்ததில்லை. "உள்ள வாங்குது" என்று மரியம்மாவிடம் புகார் சொல்லிவிட்டு, எட்டி நின்றே அதைப் பார்த்தார். படுத்தது தரையில்.

கட்டிலின் மேல் தொங்கிய கொசுவலையைத்தான் அவரால் சும்மா விடமுடியவில்லை. கண்ணியை விரலால் அளந்தார். இத்தனை பொடிக் கண்ணிக்கு என்ன மீன் மாட்டும் என்று விடுதியின் பட்லர் வடிவேலுவைக் கேட்டார். கொசுவைத் தடுக்க என்று வடிவேலு சொன்னான்.

"அப்ப கொசு வெளிய, நாம வலைக்குள்ளயா?" தேசப்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னா ஊருய்யா இது! மனுசனப் புடிச்சி உள்ள போட்டுக்கிறான்!"

சிரித்தாரே தவிர, ஒரு மூலையில் கிழிந்திருந்ததைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. நூல் கேட்டு வாங்கி, வலைமுடிச்சுப் போட்டுத் தைத்துக் கொடுத்தார். மறுநாளே விடுதியிலிருந்த கொசுவலைகள் எல்லாம் அவர் அறைக்கு வந்து சேர்ந்தன. "ஆவட்டும்" என்று அத்தனையையும் தைத்தார்.

வடிவேலுவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. சமையலறையிலிருந்து துரைமார்கள் சாப்பிடும் மீனை ஒரு தட்டில் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தான். தேசப்பன் முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டை மரியாதையாகத் தள்ளி வைத்தார். "இது செத்து மூணு நாளாச்சி தம்பி. இதுக்குக் கருமாதி பண்ணணும், கொழம்பு வெக்கக்கூடாது."

காலையில் டாக்டரிடம் போக இறங்கவேண்டும், வந்து ஏறவேண்டும், சாப்பிட இறங்கவேண்டும், ஏறவேண்டும், மாலையில் காற்று வாங்க மறுபடியும். முதுகு தேசப்பனுடையது, பெருமை மரியம்மாவுடையது. "எங்க ஊரு ஆளு. ஒரு சொட்டுத் தண்ணி மேல படாம கொண்டாந்து சேர்ப்பான்" என்று தங்கியிருந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். நான்காம் நாள் இங்கிலீஷ்கார வாலிபன் ஒருவன் விளையாட்டாக அவர் முதுகில் தாவி ஏறினான். தேசப்பன் கொண்டுபோய் மேலே விட்டார். அடுத்த நாள் அது விடுதியின் பொழுதுபோக்காகிவிட்டது. வரிசையில் நின்று ஏறினார்கள். பழவேற்காட்டுக் குதிரை என்று பெயரும் வைத்தார்கள். எனக்கு இதைச் சொல்லும்போதே ஆத்திரமாக வருகிறது. அவருக்கு வந்ததா என்று கேட்டால், ஆவட்டும் என்றுதான் சொன்னார்.

ஏழாம் நாள் டாக்டர் இன்னும் ஒரு வாரம் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். வீக்கம் வடிய ஆரம்பித்திருந்தது. மரியம்மா கண்ணெல்லாம் ஈரமாக, "தேசப்பா, இன்னும் ஒரு வாரம் இருந்தா நடந்துருவேனாம்" என்றாள். அவர் வாயிலிருந்து "ஆவட்டும்மா" என்று வந்தது. வந்த பிறகுதான் அவருக்கே கேட்டது. நாளை மறுநாள் அமாவாசை.

பின்கட்டுக் கிணற்றடியில் வடிவேலுவிடம் சொன்னார். "ஓடிப் பூடு அண்ணாத்தே. யாரு கேப்பா?" என்றான் அவன்.

"தொரசாணி எப்பிடிப்பா கீழ எறங்கும்?"

வடிவேலு தலையில் அடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை அவளைச் சுமந்துகொண்டு ஏறும்போது, படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஓர் இங்கிலீஷ்கார அம்மாள் எதிர்ப்பட்டாள். இருவரும் பேச ஆரம்பித்தார்கள். தேசப்பன் குனிந்தபடி நின்றார். எப்போதும் படியையே பார்த்து ஏறுகிறவர், பேச்சு முடியவில்லையே என்று அன்றைக்குத் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினார். எதிரே ஆள் உயர நிலைக்கண்ணாடி. அதில் மரியம்மாவின் தொப்பி இருந்தது, முகம் இருந்தது, சால்வையும் பாவாடையும் இருந்தன. பாவாடைக்குக் கீழே இரண்டு கறுத்த கால்கள். தன் முகத்தை அவர் தேடினார். சால்வையின் மடிப்பில் அது எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக இப்படித்தான் இருந்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போது தோன்றியது.

மேலே நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு எதிரே நின்றார்.

"நான் ஊருக்குப் போவணும்மா. நாளைக்கிப் பாடு."

"நேத்து ஆவட்டும்னு சொன்னியே?"

"வாய் சொல்லிச்சி."

"போன வருசமும்தான் நீ போவல. இன்னா குடியா முழுவிப் பூடுச்சி?"

"இந்தவாட்டி முழுவிடும்மா. மூணாந்தபா. எங்க நைனா பேரு, அவரோட நைனா பேரு, எல்லாத்தையும் எடுத்துருவாங்க. என் புள்ள நாளைக்கி ஏரியில எங்க நிப்பான்?"

"ஆதிநாராயணனுக்கு நான் ஒரு கடுதாசி எழுதித் தர்றேன். குப்பத்துத் தலைவரு என் பேச்சத் தட்டமாட்டாரு."

"ஏரிக்குப் படிக்கத் தெரியாதும்மா."

"நீ பூட்டா என்ன யாரு கீழ எறக்குவாங்க?"

"தெரியலம்மா. நான் இனிமே இங்க இருக்கமாட்டேன்."

மாட்டேன் என்ற சொல்லைக் கேட்டு இரண்டு பேருமே திடுக்கிட்டார்கள். மரியம்மா கையிலிருந்த கோப்பையைச் சுவரில் எறிந்தாள். குப்பத்துப் பாஷை போதாமல் உலாந்தா பாஷையிலும் ஏசினாள். பிறகு தன் முட்டியைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். பாவம், அவளும் கெட்டவள் இல்லை. அந்த மாடியில் தேசப்பன் இல்லாமல் ஒரு நாள் இருக்க அவளுக்குப் பயமாக இருந்தது. கடைசியில், "பெட்டியக் கட்டு. நானும் வர்றேன்" என்றாள்.

பெட்டி கட்டவும் மதியச் சாப்பாடு முடிக்கவும் பொழுது சாய்ந்துவிட்டது. எண்ணூரில் தங்கி விடியலில் படகேறினால், வாடைக்காற்று எதிரே நின்று தள்ளியது. தேசப்பன் படகுக்காரனிடமிருந்து கழியை வாங்கித் தானே ஊன்றினார். குப்பம் கண்ணுக்குத் தெரிந்தபோது சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. ஆண்கள் எல்லோரும் தண்ணீரில் அரைவட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் ஆதிநாராயணன் பானையை ஏந்திக்கொண்டிருந்தார்.

படகு தரை தட்டியது. தேசப்பன் வழக்கம்போல முதுகைக் காட்ட, மரியம்மா வழக்கம்போல ஏறிக்கொண்டாள். அப்போதுதான் குரல் கேட்டது.

"தேசப்பன் வூடு!"

மூன்று முறை கூப்பிடுவார்கள். கரை வலது கைப்பக்கம், பானை இடது கைப்பக்கம். தேசப்பன் இடது பக்கம் திரும்பினார்.

"எங்கடா போற? கரை அந்தாண்ட கீது!" என்று மரியம்மா கத்தினாள்.

"தேசப்பன் வூடு!"

சேற்றைக் கலக்கிக்கொண்டு, விழுந்துவிடுவதுபோல் ஓடி வட்டத்துக்குள் வந்து நின்றார். மூச்சு இரைத்தது. ஆதிநாராயணன் அவரையும் அவர் முதுகையும் பார்த்தார்.

"கையப் போடு தேசப்பா."

இரண்டு கைகளும் மரியம்மாவின் முழங்கால்களுக்கு அடியில் கோத்திருந்தன. நிலைமை மரியம்மாவுக்கும் புரிந்துவிட்டது. "இரு, நானே எடுத்துத் தர்றேன்" என்று அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள்.

"நீ எடுத்தா செல்லாதும்மா" என்றார் ஆதிநாராயணன். மூன்றாவது முறை கூப்பிடுவதற்காகத் தொண்டையைக் கனைத்தார்.

தேசப்பன் முழங்காலை மடக்கித் தாழ்ந்தார். கோத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பட்டுக் காலுறையும் பூப்போட்ட செருப்புமாக மரியம்மாவின் இரண்டு கால்களும் ஏரிக்குள் இறங்கிச் சேற்றில் நின்றன. "ஐயோ" என்று அவள் அவர் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நின்று, கையை மணிக்கட்டு வரைக்கும் பானைக்குள் விட்டார்.