பிரேக் கட்டையைக் கழற்றினேன்

எங்கள் கழகத்தின் சைக்கிள் ஓட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். பின்னேரங்களில் கல்முனை வீதியில் ஓட வழியில்லை. போன முறை இரண்டாவதாக வந்து வெற்றிக் கப்பைத் தவறவிட்டவன் நான். எரிச்சலோடு ஒரு பலகைத் தாங்கி செய்வித்து, பின் சில்லு நிலத்தில் படாமல் சைக்கிளை ஏற்றி, அறைக்குள்ளேயே மிதித்தேன். பிரேக் கட்டை உரசிச் சத்தம் போட்டதால் அதைக் கழற்றிவிட்டேன்.

ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு வேகமாக மிதிக்கையில், மனைவி தேத்தண்ணீர் வைக்கப் பின்னால் வந்து குனிந்திருக்கிறாள். அவளுடைய முக்காட்டு நுனி சில்லுக் கம்பிகளில் சுற்றிக்கொண்டது.

"அல்லாஹ்வே, நிப்பாட்டுங்க! கழுத்து இறுகுது!"

மிதிப்பதை நிறுத்தியும் சில்லு சுழன்றது. பிரேக்கை அழுத்தினேன், கட்டை இல்லாத பிரேக் என்ன செய்யும்? பாய்ந்திறங்கி வெறுங்கையால் சில்லைப் பிடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவள் கழுத்தில் ஒரு சிவப்புக் கோட்டோடு தப்பினாள்.

"நான் மௌத்தாகியிருந்தா, அந்தக் கப்பை ஆருக்குக் காட்டுவீங்க?" என்றாள்.

ஊரடங்கு இல்லாத காலை நேரத்தில் நடந்த போட்டியன்று, கட்டுப்போட்ட கையோடு வீதியோரத்தில் நின்றேன். என்மீதே வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. இப்போது பிரேக் கட்டையைத் திரும்பப் பூட்டி, கதவைப் பார்த்தபடி, கண்ணைத் திறந்துகொண்டுதான் மிதிக்கிறேன். மனைவியோ அந்த அறைப் பக்கம் வருவதேயில்லை.