இசக்கியம்மாளும் நீல ஃபைட்டரும்

அடையாறு காந்தி நகரில் மாளவிகாவின் வீட்டில் இசக்கியம்மாள் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டிலிருந்து காலையில் நடந்தே வந்துவிடுவாள். தேய்த்துத் துடைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அந்த அபார்ட்மெண்ட் முழுக்கப் பேர். அடுப்பு பர்னரின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக ஊசியால் குத்திச் சுத்தம் செய்கிறவள்.

போன மே மாதம் மாளவிகாவும் கணவரும் ஒன்பது வயது மகள் ஆதிரையும் பதினாறு நாள் பயணமாக மெல்பர்ன் கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள்தான் அந்த மீன் தொட்டி வந்து சேர்ந்தது. அதுவரை கண்ணாடி ஜாடியில் இருந்த ஆதிரையின் நீல ஃபைட்டர் மீனுக்கு அப்பா வாங்கித் தந்த புது வீடு. கண்ணாடி புதுசு, கூழாங்கல் புதுசு, ஃபில்டரும் புதுசு. மீனை அதில் விட்டார்கள். தினம் நாலு உருண்டை சாப்பாடு போட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லி மாளவிகா சாவியைக் கொடுத்தாள். ஆதிரை மட்டும் தனியாக வந்து, "நான் இல்லன்னா நீலு பயந்துக்கும். கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க ஆன்ட்டி" என்றாள்.

மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் காலையில் நீலு அடியில் கல்லோடு கல்லாகக் கிடந்தது. விசிறிபோல் விரிந்திருக்கும் வால் சுருங்கி உடம்போடு ஒட்டியிருந்தது. போட்ட உருண்டைகள் ஊறி அப்படியே கீழே இறங்கின. எப்போதாவது தடுமாறி மேலே வந்து ஒரு வாய் காற்றைக் கவ்விவிட்டு மறுபடி சரிந்தது.

இசக்கியம்மாள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினாள். கல்லை வெந்நீரில் அலசினாள். ஃபில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து புதுசுபோல ஆக்கினாள். அன்றைக்குத்தான் தண்ணீர் லாரி வந்திருந்தது. குழாயில் குப்பென்று குளோரின் வாடை அடித்தது. அது எப்போதும் அடிக்கிற வாடைதானே என்று அதையே நிரப்பினாள்.

மறுநாள் மீனின் செவுள் சிவந்திருந்தது. வால் ஓரம் நைந்து நார் நாராக இருந்தது. லாரித் தண்ணீர்தான் ஆகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்து, வீட்டார் குடிக்கிற ஃபில்டர் தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து ஊற்றினாள். ஆறாம் நாள் மீன் ஒருக்களித்துப் படுத்துவிட்டது.

சாயங்காலமானால் ஆதிரையின் குரல் மெசேஜ் போனில் வந்துவிடும், நீலு எப்படி இருக்கிறது என்று. "நல்லா இருக்குடா கண்ணு" என்று பதில் அனுப்பினாள் இசக்கியம்மாள். போட்டோ கேட்டபோது போனில் கேமரா ரிப்பேர் என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். சொல்லி முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பெசன்ட் நகரில் முன்பு வேலை பார்த்த வீட்டில் வெள்ளிக் குங்குமச்சிமிழ் ஒன்று காணாமல் போனது. நான் எடுக்கவில்லை என்று அவள் சொன்னது எடுபடவில்லை. மறுநாள் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். அங்கே பார்த்த நாலு வீடும் ஒரே நாளில் போயின. ஒரு மாதம் கழித்து பீரோவுக்கு அடியில் சிமிழ் கிடைத்ததாம். யாரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. கணவன் இல்லாமல், மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், காந்தி நகரிலும் அப்படி ஆனால் எங்கே போவது?

ஏழாம் நாள் மீனைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு 29சி பஸ்ஸில் லஸ்ஸுக்குப் போனாள். அங்கே ஒரு சந்தில் வளர்ப்பு மீன் கடை இருப்பதாக மகள் சொல்லியிருந்தாள். கூட்டத்தில் நின்றபடி வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிரேக் போடும்போதெல்லாம் மூடியைத் திறந்து பார்த்தாள்.

கடைக்காரர் ஷரீஃபுக்கு ஐம்பது வயது இருக்கும். வாளிக்குள் எட்டிப் பார்த்ததும் கேட்டார்.

"தொட்டி புச்சா?"

"புதுசுதாங்க. நான் ரெண்டு தடவ கழுவிதாங்க வெச்சேன்."

"அதாம்மா தப்பு. மீனு கழியறது தண்ணியிலயே விஷமா பூடும். அத்த தின்ற கிருமி தொட்டில வளர மாசக்கணக்கு ஆவும். நீ இன்னா பண்ண? திரும்பத் திரும்ப அத்தத் தேய்ச்சு ஊத்திக்கினு கீற."

இசக்கியம்மாள் வாளிக்குள் பார்த்தாள். "அப்ப நாந்தான் சாவடிச்சேனா?"

"இன்னும் சாவல" என்றார் ஷரீஃப்.

பல வருடமாக ஓடும் தன் தொட்டியிலிருந்து அந்தக் கிருமி ஊறிப் பழுப்பேறி வழவழவென்று இருந்த ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து, அதே தண்ணீரோடு கவரில் கட்டித் தந்தார். குளோரினை முறிக்கச் சொட்டு மருந்து பாட்டில் ஒன்றும் கொடுத்தார். ஸ்பாஞ்சைக் கழுவாமல் அப்படியே ஃபில்டரில் வைக்க வேண்டும். முந்தின நாளே வாளியில் பிடித்து வைத்த தண்ணீரில் மருந்தைக் கலந்து, தினம் கால் பங்கு மட்டும் மாற்ற வேண்டும். ஃபில்டர் வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு நாள் சாப்பாடே கூடாது. பிழைக்கும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அன்றிலிருந்து காலையும் மாலையும் வந்தாள். மற்ற வீட்டு வேலைகளை அவசர அவசரமாக முடித்துவிட்டு தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பாள். கண்ணாடியில் படிந்த பழுப்பைப் பார்க்கும்போது கை தானாகத் துணியைத் தேடும். அடக்கிக்கொள்வாள். இரண்டு நாள் மீன் ஒருக்களித்தே கிடந்தது. செத்துவிட்டதோ என்று கண்ணாடியைத் தட்டினால் செவுள் மட்டும் அசையும். மூன்றாம் நாள் நிமிர்ந்தது. ஐந்தாம் நாள் ஒரு உருண்டையைக் கவ்வியது. இசக்கியம்மாள் சமையலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஆனால் பாதி வால் போயிருந்தது. மயில்கழுத்து நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது.

குடும்பம் திரும்பி வந்த அன்று ஆதிரை செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு ஓடினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது நீலு இல்ல."

மாளவிகாவும் குனிந்து பார்த்தாள். குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"செத்துப் போயிருந்தா சொல்லியிருக்கலாமே இசக்கிக்கா. வேற வாங்கி வெச்சு எதுக்குக் குழந்தைய ஏமாத்தணும்?"

"அதே மீன்தாம்மா. நடுவுல சீக்கு வந்துடுச்சு. லஸ்ல ஒரு கடையில கொண்டுபோய்க் காட்டி…"

"கடைக்குப் போனீங்களா?"

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று இசக்கியம்மாளுக்குப் புரிந்தது.

"நல்லா இருக்குன்னுதானே தினமும் சொன்னீங்க" என்றாள் மாளவிகா.

ஷரீஃபைக் கேட்கச் சொல்லலாமா என்று இசக்கியம்மாள் நினைத்தாள். அவர் பார்த்தது வாளிக்குள் கிடந்த ஒரு மீனை. அது எந்த வீட்டு மீன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது, மீன் சீக்கான முதல் நாளே ஒரு போட்டோ அனுப்பியிருந்தால் என்ற ஒரே நினைப்பு அவளை அரித்துக்கொண்டே வந்தது.

வேலை போகவில்லை. மாளவிகா திட்டவும் இல்லை. மெல்பர்னிலிருந்து வாங்கி வந்த சாக்லேட் பெட்டியைக் கொடுத்து, விடுங்கள், நல்ல மனசோடுதானே செய்தீர்கள் என்றாள். மன்னித்துவிட்டாள். செய்யாத தப்புக்குக் கிடைத்த அந்த மன்னிப்பை இசக்கியம்மாள் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆதிரை மீனுக்கு மிஸ்டி என்று புதுப் பெயர் வைத்தாள். குழந்தை பக்கத்தில் இருந்தால் இசக்கியம்மாளும் மிஸ்டி என்றே கூப்பிடுகிறாள். தண்ணீர் மாற்றும் வேலையை யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளே பார்த்துக்கொள்கிறாள். வால் ஓரத்தில் கண்ணாடிபோல் நிறமில்லாத புதுத் தோல் வளர்ந்து வருகிறது.

மாளவிகா இப்போதெல்லாம் வெளியே கிளம்பும்போது படுக்கையறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறாள். ஆறு வருடத்தில் இல்லாத பழக்கம்.