மருதாணியில் விழுந்த வெள்ளை

கொல்லையில் அரிவாள் விழும் சத்தம் அறைக்குள் கேட்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஆஸியா பீவியின் தோள் குலுங்கி அடங்கியது.

வெட்டுகிறவன் செல்லையன். அயல் ஆண். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிய இன்னும் மூன்று நாள். அதுவரை அவன் கண்ணில் அவள் படக் கூடாது.

அவன் வெட்டும் அந்த மருதாணி, மவுத்தான கணவர் நூகு நட்டது. கல்யாணமோ பெருநாளோ, தெருப் பெண்கள் இலை பறிக்க இங்கேதான் வருவார்கள். பிள்ளையில்லாத அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதே அந்தச் செடியால்தான். இத்தாவில் மருதாணி பூசக் கூடாது. செடியைப் பார்ப்பதும் தப்போ என்று பயந்து, நான்கு மாதமாகக் கொல்லைப் பக்கமே போகாமல் இருந்துவிட்டாள் அந்தப் பேதை.

வேளாண் அதிகாரி வெண்மதி ஒரு கொம்போடு உள்ளே வந்தாள். கணுவுக்குக் கணு பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை.

"மாவுப்பூச்சிம்மா. பப்பாளியில இருந்துச்சு, செம்பருத்திக்குத் தாவுச்சு. மருதாணியில இப்பத்தான் பாக்குறேன். சுரக்குடியில அமுதம் வயல்ல பருத்தி பூரா ஏறிட்டு. வரப்புல நட்ட கொம்பு உங்க வீட்டுதாமே?"

"அமுதம் இங்க பால் ஊத்த வர்றப்ப கேட்டுச்சுங்க. நாலு கொம்பு ஒடிச்சுக்கன்னு உள்ள இருந்தே சொன்னேன். எழுந்து போயி ஒரு தடவ பாத்திருந்தா…" குரல் உடைந்தது. "வேர மட்டும் விடலாமா தங்கச்சி? துளுத்துடும்ல?"

"துளுக்கும். ஆனா வேருகிட்ட ஒரு பூச்சி தங்கினாலும் திரும்பப் பரவும். உங்க செடி, நீங்கதான் சொல்லணும்."

வெளியே செல்லையன் கத்தினான். "மேடம், வேர ஆட்டிப் பாத்தேன், அசைய மாட்டேங்குது! நூகு பாய் செடி நட்டாரா, தூணு நட்டாரா?"

ஆஸியாவுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. அமுதத்தின் பருத்தி கண்ணுக்குள் நின்றது.

"வேரோட எடுக்கச் சொல்லுங்க."

சற்று நேரத்தில் பச்சை இலை கருகும் வாசம் அறையெங்கும் பரவியது. செல்லையன் போய்விட்டான். வெண்மதியும் எழுந்தாள். ஆஸியா வாசற்கதவு வரை வந்தாள்.

"மறுபடி எப்ப வருவீங்க தங்கச்சி?"

வெண்மதி ஆறுதலாகப் புன்னகைத்தாள். "இனிமே எதுக்கும்மா? செடிதான் இல்லையே. இனி யாரும் வந்து உங்களத் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

ஆஸியா பீவி தலையை ஆட்டினாள். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.