அலமு துறைக்குப் போன நேரம்

பழைய காதல் நாவல்களை எடுத்துப் புதிதாக எழுதுகிறவர்கள் மேல் சைனம்புவுக்கு இருக்கும் கோபம் நியாயமானதா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பாதி நியாயம். மீதி அவருடைய சுபாவம்.

போர்ட் பிளேயரின் ஹேடோவில் கப்பல் துறைக்குப் போகும் சாலையில் அவரும் அவர் கணவர் நூர்முகம்மதுவும் கடை வைத்திருக்கிறார்கள். கப்பல் ஏறுகிறவர்கள் கடைசி நேரத்தில் ஞாபகம் வந்து வாங்கும் சாமான்கள்தான் அங்கே வியாபாரம்: சோப்பு, பிஸ்கட், ரப்பர் செருப்பு, வாந்தி மாத்திரை, பூட்டு. கடையின் இடது சுவரில் ஒரு மர அலமாரி, அதில் இருநூறு தமிழ்ப் புத்தகங்கள். கார் நிக்கோபாருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இலவசமாக எடுத்துப் போகலாம். கப்பல் கரையை விட்டுத் தள்ளிப் போனதும் போனில் சிக்னல் போய்விடும். அப்போது புத்தகத்தைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த அலமாரியில் இடம் பிடித்த புத்தகத்துக்குத் தீவுகளில் வாசகர் உண்டு. பிடிக்காத புத்தகம் எழுதியவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்க வேண்டியதுதான்.

புத்தகத்தைத் திருப்பித் தரும்போது சைனம்பு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எந்தப் பக்கத்த ரெண்டு தடவ படிச்சீங்க?"

பதில் வந்தால் புத்தகம் மறுபடியும் அலமாரிக்குப் போகும். தொடர்ந்து மூன்று பேர் விழித்தால் அது பொட்டலம் மடிக்கப் போகும். நான் கொடுத்த தத்துவப் புத்தகங்கள் மூன்றும் அப்படித்தான் சோப்பும் பூட்டும் சுமந்துகொண்டு போயின. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒரு புத்தகத்தைச் சோதிக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

அலமாரியின் நடுத்தட்டில் 'தாழம்பூத் துறை' இருக்கும். எழுபது வருடத்துக்கு முன் தொடர்கதையாக வந்த நாவல். தாமிரபரணிக் கரையில் நடக்கிற கதை. அலமு என்ற பெண்ணுக்கு வீட்டில் வேறிடத்தில் நிச்சயம் செய்கிறார்கள். அவள் விரும்பும் முருகானந்தம் மறுநாள் ஊரைவிட்டுப் போகப் போகிறான். அந்தச் சித்திரை மாதத்தில், 'மாலை ஆறே காலுக்கு அலமு தனியாகத் துறைக்குப் போனாள். மறுநாள் ஊரே அதைப் பேசியது.' நாவலில் இந்த இடத்துக்கு இவ்வளவுதான் எழுத்து. சைனம்புவுக்கு இந்த இரண்டு வரிகள்தான் வாழ்க்கை.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. முப்பத்தேழு வருடத்துக்கு முன்னால் அவருக்கும் வேறிடத்தில் பேசி முடித்திருந்தார்கள். நூர்முகம்மது அப்போது சாத்தம் மரமில்லில் வேலை பார்த்தார், வீடு கடலுக்கு அக்கரையில், பம்பூஃபிளாட்டில். இருபது வயது சைனம்பு அலமுவை நினைத்துக்கொண்டு, அதே ஆறே காலுக்கு, ஹேடோவிலிருந்து தனியாக நடந்து சாத்தம் பாலத்தைத் தாண்டி, படகுக்காக நின்றுகொண்டிருந்தவரிடம் போய், "நாளைக்கே வந்து எங்க வாப்பாகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். இங்கே ஆறே கால் என்றால் கும்மிருட்டு. சூரியன் ஐந்தரைக்கே கடலில் இறங்கிவிடும்.

இப்படி ஒரு புத்தகத்தைத்தான் உமா மகேஸ்வரி இன்றைய காலத்துக்கு மாற்றி எழுதினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பதினோரு வருடமாகப் போர்ட் பிளேயரில் தமிழ் டீச்சர், சைனம்புவிடம் அக்கா அக்கா என்று உரிமையாகப் பழகுகிறவர். 'மீண்டும் அலமு' என்று பெயர் வைத்து, சொந்தச் செலவில் அச்சடித்து, ஐம்பது பிரதிகளைக் கப்பலில் வரவழைத்திருந்தார். "ஞாயித்துக்கிழமை வெளியீட்டு விழாவுல நீங்கதான் மொதல்ல பேசணும். பேசிட்டு அலமாரியில வைக்கணும்" என்று ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுப் போனார். மற்ற நாற்பத்தொன்பதின் தலையெழுத்து அந்த ஒன்றில் இருந்தது. இது இருவருக்கும் தெரியும்.

அந்த வாரம் முழுவதும் கடையில் நிம்மதியில்லை. சைனம்பு கல்லாவில் உட்கார்ந்து படித்தபடியே புலம்பிக்கொண்டிருந்தார்.

"அரே, நீல டிக் விழுந்துருச்சுல்ல? அப்புறம் இவனுக்கு என்னா சந்தேகம்?"

"யாருக்கு?" என்றார் நூர்முகம்மது, செருப்பு ஜோடி பார்த்துக்கொண்டே.

"முருகானந்தத்துக்கு. பழைய கதையில ஒரு லெட்டர் வரல, ரெண்டு பேரும் பிரிஞ்சாங்க. இப்ப பிரிக்க வழி தெரியல. அதனால போன் சார்ஜ் தீந்து போச்சாம். சார்ஜரு விக்கிற கடையா இல்ல ஊர்ல?"

"நம்ம கடைக்கு அனுப்பு."

"சிரிக்காதீங்க மச்சான். பழசுல அவன் முந்நூறாவது பக்கத்துல ஒரே தடவ மனசத் தொறந்து சொல்லுவான், அதுக்காகத்தான் நாம அவ்ளோ தூரம் படிக்கிறது. இங்க இருபதாம் பக்கத்துலயே டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி ஆளாளுக்கு மனசுல இருக்கிறதக் கொட்டுறாங்க. ஏக்தம் பக்வாஸ், சுத்த உளறல்."

சாமான் வாங்க வந்தவர்களையும் விடவில்லை. ஒருவர் பற்பசை கேட்டார். "இருங்க" என்று கையைக் காட்டிவிட்டு அரைப் பக்கம் முடித்த பிறகுதான் எடுத்துக் கொடுத்தார். எனக்கும் அந்தப் புத்தகம் பெரிதாகப் பிடிக்கவில்லை. புதிதாக்குகிறவர்கள் பாத்திரங்களின் கையில் போனைக் கொடுத்துவிட்டு, அந்தப் போன் எதையெல்லாம் அழித்துவிட்டது என்று யோசிப்பதில்லை. ஆனால் நூற்று நாற்பத்தோராம் பக்கத்துக்கு வந்தபோது சைனம்புவின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

"துறையில வெளிச்சமாம்! தண்ணி தகதகன்னு மின்னுதாம். படியில நாலு பொம்பளைங்க துவைக்கிறாங்களாம். பூரா ஊரும் பாக்க இவ போறாளாம். இருட்டையே எடுத்துட்டா இந்தக் கதையில மிச்சம் என்னா இருக்கு?"

அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். பழைய புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டும் படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடக் கூடத்தில் முப்பது பேர் வந்திருந்தோம். உமா பட்டுப்புடவை கட்டியிருந்தார், கையில் குழந்தை மாதிரி புத்தகம். சைனம்பு ஒரு தாளைப் பிரித்தார். ஏழு குறைகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"தப்பா நெனைக்காத டீச்சர். மத்த ஆறையும் விடு. மொதலாவது மன்னிக்கவே முடியாது. ஒரு வயசுப்புள்ள இருட்டுல தனியா ஆத்தங்கரைக்குப் போனா. அந்த தைரியத்துக்குத்தான் எழுபது வருசமா இந்தக் கதை நிக்கிது. நீ பட்டப்பகலாக்கிட்ட. எழுதுனவரு எழுதாத வெளிச்சத்தப் போட நீ யாரு?"

உமாவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சிவப்பிரகாசம், கட்டட கான்ட்ராக்டர், அவரும் நெல்லைக்காரர்.

"ஏம்மா, சித்திரை மாசம் எங்கூர்ல ஆறே காலுக்கு வெயிலுல்லா அடிக்கும்! இருட்டா? ஏழு மணிக்கு லைட்டப் போட்டா சீக்கிரம் போட்டுட்டேன்னு எங்க அம்மை ஏசுவா."

கூடத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். தீவிலேயே பிறந்த மீதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சைனம்பு மெயின்லேண்டுக்குப் போனதே இரண்டு தடவை. இரண்டும் சென்னைக்கு, நூர்முகம்மதுவின் நெஞ்சுவலிக்காக. இரண்டும் டிசம்பரில், ஆறு மணிக்கே இருட்டிவிடும் மாதத்தில். தீவிலும் மெயின்லேண்டிலும் ஒரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு சூரியன்களோடு வாழ்கிறோம் என்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

"நெசமா?" என்று உமாவைக் கேட்டார்.

"ஆமாக்கா. நல்ல வெளிச்சம் இருக்கும். அதனாலதான் மறுநாள் ஊரே பேசிச்சு. எல்லாரும் பாப்பாங்கன்னு தெரிஞ்சேதான் அவ போனா."

அந்த 'ஊரே பேசியது' சைனம்புவை முப்பத்தேழு வருடமாக உறுத்திய வரி. இருட்டில் யார் பார்த்திருப்பார்கள்? டார்ச் விளக்கோடு வந்த மீன்காரன் ஒருவனை அவர் தாமாகவே கற்பனை செய்து அந்த ஓட்டையை அடைத்து வைத்திருந்தார். படிக்கிறவர்கள் எல்லோரும் தங்கள் ஊர் வெயிலைக் கொண்டுதான் புத்தகத்தைப் படிக்கிறோம். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் தாளைப் பார்த்தார். பேனாவை வாங்கி முதல் வரியை அடித்தார்.

"ரெண்டாவது, அந்தப் போன் சார்ஜ்" என்று தொடங்கி, மீதி ஆறையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை நான் கடையில் இருந்தபோது உமா வந்தார். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, என் புத்தகத்தத் திருப்பிக் குடுத்துருங்க. அலமாரிக்கெல்லாம் வேண்டாம்."

"படிச்சாச்சு. எடுத்துட்டுப் போ."

உமா புத்தகத்தை வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். அங்கேயே நின்று திரும்பினார்.

"எல்லார்கிட்டயும் கேப்பீங்கல்ல. நான் கேக்குறேன். நீங்க எந்தப் பக்கத்த ரெண்டு தடவ படிச்சீங்க?"

சைனம்பு பூட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது. பொய் சொல்லிவிடலாம். கேட்பதற்கு நானும் நூர்முகம்மதுவும்தான் இருந்தோம்.

"நூத்தி நாப்பத்தி ஒண்ணு" என்றார் எரிச்சலாக. "நாலு தடவ. கோவத்துல படிச்சேன், பிடிச்சுப் போய் இல்ல."

"ஏன் படிச்சீங்கன்னு நீங்க யாரையும் கேட்டதில்லையேக்கா."

"யா அல்லா, டீச்சருங்ககிட்ட வாயக் குடுக்கக் கூடாது. கொண்டா இங்க."

புத்தகத்தைப் பிடுங்கினார். ஆறு குறைகள் மீதமிருந்த அந்தத் தாளை முன்னட்டைக்கு உள்பக்கம் பசை தடவி ஒட்டினார். "படிக்கிறவங்க இதையும் படிக்கட்டும்." பிறகு நடுத்தட்டில், பழைய புத்தகத்துக்குப் பக்கத்தில் செருகினார். உமா அழுதாரா சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. மிச்சப் பிரதிகளைச் சாயங்காலம் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்.

"எல்லாத்துலயும் தாள் ஒட்டுவேன்!" என்று சைனம்பு பின்னாலிருந்து கத்தினார்.

நூர்முகம்மது தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப, அன்னைக்கு நீ அலமு மாதிரி வரல."

"அவளுக்கென்ன, ஜம்முனு வெளிச்சத்துல போனா. ஊரு பேசும், அவ்வளவுதானே. நான் வந்தப்ப சாத்தம் பாலத்துல கரண்டு கூட இல்ல. நாயி வேற தொரத்துச்சு. அவளப் பாத்து தைரியம் வந்துச்சுன்னு இத்தன வருசமா ஊர் பூரா சொல்லிட்டுத் திரியிறேன்." பூட்டுப் பெட்டியைத் தள்ளி வைத்தார். "சொல்லியிருக்கலாம்ல யாராச்சும்?"

"தெரிஞ்சிருந்தா வந்திருப்பியா?"

கார் நிக்கோபார் கப்பலுக்குப் போகிற ஒருவர் வாசலில் வந்து நின்று வாந்தி மாத்திரை கேட்டார். சைனம்பு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, நடுத்தட்டிலிருந்து இரண்டு புத்தகங்களையும் உருவி அவர் கையில் வைத்தார்.

"மொதல்ல பழசப் படிங்க. சித்திரை மாசம் அங்க ஆறே காலுக்கு வெயில் இருக்கும், மனசுல வெச்சுக்கங்க."